திரும்பி வந்ததைக் கேட்காத கணிப்பான்

“தம்பி, இதைத் திருத்தித் தர வேண்டும். ஆனால் பற்றரியைக் கழற்றக் கூடாது.”

ஆனி மாத மழையில் நனைந்த குடையைக் கடை வாசலில் சாத்திவிட்டு அந்தப் பெரியவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். இலங்கை மலைநாட்டின் ஹட்டனில் வானொலியும் ஒலிபெருக்கியும் திருத்திப் பிழைக்கும் எனக்கு, வைத்தியரிடம் வந்த நோயாளி வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்வதைப் போல இருந்தது.

அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். இளமையில் கொத்மலை நீர்த்தேக்கப் பணியில் இருந்தவர். சுவீடன் உதவியோடு நடந்த அந்த அணை வேலை 1985இல் நிறைவடைந்து வெளிநாட்டுப் பொறியியலாளர்கள் ஊர் திரும்பியபோது, அவர்களில் ஒருவர் இந்தக் கணிப்பானை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். எச்.பி. 41 சி.வி. 1979இல் வெளிவந்த 41 வரிசையின் இரண்டாவது மாதிரி. விண்ணோடத்தின் 1981ஆம் ஆண்டு முதற் பயணத்திலேயே இந்த வரிசைக் கணிப்பான் விண்வெளிக்குப் போயிருக்கிறது. எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு குறிகளைக் காட்டும் திரை, உச்சியில் நான்கு செருகுவாய்கள், முதுகில் சுண்டுவிரல் பருமனில் நான்கு ‘என்’ வகைப் பற்றரிகள். நிரல்களையும் எண்களையும் வைத்துக்கொள்ள உள்ளே 319 பதிவகங்கள். ஒன்றுக்கு ஏழு பைட் வீதம் மொத்தம் 2,233 பைட். இன்றைக்கு ஒரு குறுஞ்செய்திப் படம் பிடிக்கும் இடத்தில் ஒரு சிறு துணுக்குத்தான்.

அந்த 2,233 பைட்டுக்குள்தான் அவருடைய முப்பது வருட வேலை இருந்தது. அளவைக் கோடுகளின் திசையையும் நீளத்தையும் கொடுத்தால் தொடங்கிய புள்ளிக்கே கணக்கு வந்து முடிகிறதா என்று பார்ப்பது, முடியாவிட்டால் பிழையைப் பங்கிடுவது, பரப்பைக் கண்டு ஏக்கர், ரூட், பேர்ச்சஸ் என்று பிரித்துக் கொடுப்பது. ஒரு பேர்ச்சஸ் 25.29 சதுர மீற்றர், நாற்பது பேர்ச்சஸ் ஒரு ரூட், நான்கு ரூட் ஒரு ஏக்கர் என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். தோட்டத்துச் சனங்கள் இன்றும் தங்கள் 7 பேர்ச்சஸ் காணித் துண்டின் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போகிறார்கள். “கணினியில் செய்யலாம்தான். ஆனால் இது எழுதிய கணக்கு எனக்குத் தெரியும். அது எழுதிய கணக்கு எனக்குத் தெரியாது” என்றார். மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இந்த நிரல்கள் வேறெங்கும் இல்லை. அட்டையில் இல்லை, நாடாவில் இல்லை, தாளிலும் இல்லை. பற்றரி இருக்கும்வரை நினைவு இருக்கும். கழற்றிச் சிறிது நேரம் கடந்தால் எல்லாம் போய்விடும். அதனால்தான் அந்த நிபந்தனை.

முறைப்பாடு என்னவென்றால், அச்சுப்பொறியோடு கணிப்பான் பேசவில்லை. அச்சிடச் சொன்னால் சற்றுத் தயங்கிவிட்டு ‘டிரான்ஸ்மிட் எர்’ என்று திரையில் காட்டி நின்றுவிடும். மற்றபடி கணிப்பானில் குறையே இல்லை. கூட்டுகிறது, சைன் காண்கிறது, நிரல் ஓடுகிறது. அதே செருகுவாயில் நில அளவைக் கணக்குகள் அடங்கிய நிரல் மொடியூலைப் போட்டால் அதுவும் ஒழுங்காக வேலை செய்கிறது.

அச்சுப்பொறியையும் கணிப்பானையும் இணைப்பது எச்.பி.ஐ.எல். என்ற இடைமுகம். இதைக் கொஞ்சம் விளக்காமல் மேலே போக முடியாது. கணிப்பானின் செருகுவாயில் ஒரு மொடியூல். அதிலிருந்து இரண்டு வடங்கள். ஒன்று வெளியே போவது, மற்றது உள்ளே வருவது. எத்தனை கருவிகளைப் பூட்டினாலும் மாலை கோப்பது போல ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இணைத்துக் கடைசியில் கணிப்பானுக்கே கொண்டுவந்து முடித்துவிட வேண்டும். கணிப்பான் பதினொரு பிட் கொண்ட ஒரு சட்டகத்தை அனுப்பும். முதல் மூன்று பிட் அது எந்த வகைச் செய்தி என்று சொல்லும், மீதி எட்டும் செய்தி. ஒவ்வொரு கருவியும் அதை வாங்கிப் பார்த்து அடுத்ததற்குக் கடத்தும். வளையத்தைச் சுற்றி அது கணிப்பானுக்கே திரும்பி வர வேண்டும். கோயிலில் தீபத் தட்டு வரிசையில் கைமாறிச் சுற்றி ஐயரிடமே திரும்புவது போல. நடுவில் ஒருவர் தூங்கிவிட்டால் தட்டு திரும்பாது.

‘டிரான்ஸ்மிட் எர்’ என்பதன் பொருள், தட்டு திரும்பவில்லை என்பது மட்டும்தான். யார் தூங்கினார் என்று அது சொல்லாது.

நான் தூங்கியவரை முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். அச்சுப்பொறியைத் திறந்ததும் உள்ளே இருந்த நிக்கல் காட்மியக் கலங்கள் வெள்ளை பூத்துக் கிடந்தன. மின்சாரம் இல்லாத கருவி சட்டகத்தைக் கடத்தாது. கடத்தாவிட்டால் இதே பிழைதான் வரும். எல்லாம் பொருந்தியது. கலங்களை மாற்றினேன், தட்டைக் கழுவினேன், வெப்பத் தலையைத் துடைத்தேன், காகிதம் போட்டேன். மூன்று மாலைகள் போயின. அச்சுப்பொறி தன் காகிதத்தைத் தானே நகர்த்தியது, விளக்கு எரிந்தது. கணிப்பானைப் பூட்டினேன். டிரான்ஸ்மிட் எர்.

பழுதான பொருள் ஒன்றைக் கண்டுவிட்டால் அதுதான் பழுதின் காரணம் என்று நம்பிவிடுவது இந்தத் தொழிலின் பழைய வியாதி. எனக்கு அது நாட்பட்டது. முதலில் செய்திருக்க வேண்டிய சோதனைக்கு அரை நிமிடம் போதும்: மொடியூலின் இரண்டு வட முனைகளையும் ஒன்றோடொன்று செருகிவிடுவது. முனைகள் ஆணும் பெண்ணுமாக அமைந்திருப்பதால் அப்படியே பொருந்தும். வேறு எந்தக் கருவியும் இல்லாத வெறும் வளையம். அனுப்பியது உடனே திரும்பி வந்தாக வேண்டும்; அப்போது கணிப்பான் கருவி இல்லை என்று முறையிடலாமே தவிர, திரும்பவில்லை என்று முறையிட முடியாது.

செருகினேன். டிரான்ஸ்மிட் எர்.

ஆகவே அச்சுப்பொறி நிரபராதி. குற்றவாளி வடமோ, மொடியூலோ, கணிப்பானோ. வடத்தைச் சோதிப்பது எளிது. இந்த வளையத்தில் ஒவ்வொரு முனைக்குப் பின்னாலும் ஒரு சிறு துடிப்பு மின்மாற்றி இருப்பதால், முனையின் இரு கம்பிகளுக்கும் இடையே மல்டிமீற்றர் அந்தச் சுருளின் சில ஓம்களைக் காட்ட வேண்டும். இரண்டு வடமும் காட்டின. வடம் மொடியூலுக்குள் நுழையும் இடத்தில் வளைத்து முறுக்கிப் பார்த்தேன், முள் அசையவில்லை.

அடுத்தது, மின் துடிப்புகளைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் அலைகாட்டி. என்னிடம் இருப்பது 20 மெகாஹேர்ட்ஸ் பழைய ஒன்று, நினைவில் வைக்கும் வசதி இல்லாதது. ஒரு தடவை மின்னி மறையும் துடிப்பை அதில் பிடிக்க முடியாது. திரும்பத் திரும்ப வர வேண்டும். பிழை வந்தால் நிரல் நின்றுவிடும் அல்லவா? இந்தக் கணிப்பானில் கொடி என்பது ஆம், இல்லை என்று மட்டும் காட்டும் ஓர் அடையாளம்; 25ஆம் கொடியை ஏற்றிவிட்டால் அடுத்து வரும் ஒரு பிழையை அது மன்னித்துவிடும். மன்னித்ததும் கொடி தானே இறங்கிவிடும். எனவே பெரியவரின் நிரல்களைத் தொடாமல் கடைசியில் நான்கு வரி எழுதினேன்: பெயர்ச்சீட்டு, கொடியை ஏற்று, வளையத்தில் ஒரு கருவியைத் தேடு, மறுபடி முதல் வரிக்குப் போ. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தவறு செய்யும் நிரல். கடை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

துடிப்புகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோ வினாடி அகலம், ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் உயரம். ‘ஒன்று’ என்றால் மேலே போய்க் கீழே வரும்; ‘பூச்சியம்’ என்றால் கீழே போய் மேலே வரும்; இடையில் கோடு நடுவில் சும்மா இருக்கும். சட்டகத்தின் தொடக்கம் தெரிவதற்காக முதல் பிட் மட்டும் இரட்டையாக அடிக்கும். அதுவும் தெரிந்தது. மின்மாற்றிகள் பிரித்து வைத்திருப்பதால் அலைகாட்டியின் தரைக் கம்பியை எந்தப் பக்கம் கவ்வினாலும் கவலை இல்லை. இந்த இடைமுகத்தை வடிவமைத்தவர்களுக்கு என் போன்றவர்கள் மீது கருணை இருந்திருக்கிறது.

மொடியூல் அனுப்புகிறது. அதே வடத்தின் வழியாக அது தனக்கே திரும்பி வருகிறது. இருந்தும் திரும்பவில்லை என்கிறது கணிப்பான். அப்படியானால் வளையத்தில் பழுதில்லை. வந்துவிட்டது என்ற சேதி மொடியூலிலிருந்து கணிப்பானின் மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

ஒவ்வொரு செருகுவாயிலும் பன்னிரண்டு தொடுகைகள். சேவைக் கையேட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். கணிப்பானின் இரண்டாம் பட்டியலை ஓடவிட்டால் மொடியூலுக்குள் இருக்கும் கட்டளைகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் திரையில் வந்தன. அப்படியென்றால் மின்சாரம் தரும் தொடுகைகள், தரை, இரண்டு கடிகாரத் துடிப்புகள், ஒத்திசைவு, கட்டளைக் கோடு ஆகிய எல்லாம் நலம். துடிப்பு வெளியே போகிறது. அனுப்ப வேண்டியது மொடியூலுக்குக் கிடைத்திருக்கிறது. தரவுக் கோடும் நலம். எந்தச் செருகுவாயில் இருக்கிறோம் என்று மொடியூலுக்குச் சொல்லும் இரண்டு தொடுகைகள் இருக்கின்றன; ஆனால் இந்த மொடியூலுக்கு முகவரி நிரந்தரமாகக் குறிக்கப்பட்டிருப்பதால் அவை தேவையில்லை. கழித்துக் கழித்து மிஞ்சியது ஒன்றே ஒன்று: கொடிக் கோடு.

இந்தக் கோட்டின் வேலை விசித்திரமானது. கணிப்பானின் சொல் 56 பிட், அதாவது பதினான்கு இலக்கம். ஒரு சொல்லுக்கு ஏறக்குறைய 155 மைக்ரோ வினாடி. அந்த நேரத்தைப் பதினான்கு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு கொடி என்று ஒரே கம்பியில் பதினான்கு கொடிகளை வெளிக் கருவிகள் காட்டலாம். ‘சட்டகம் வந்துவிட்டது’ என்பது அவற்றில் ஒன்று. இந்தக் கம்பி அறுந்தால் கணிப்பானுக்குக் காது மட்டும் போய்விடும். வாய், கை, கால் எல்லாம் இருக்கும். வெறும் நிரல் மொடியூல்களுக்குக் கொடி காட்டும் வேலையே இல்லாததால் அவை ஒரு குறையும் இல்லாமல் ஓடும். நில அளவை மொடியூல் அதே வாயில் ஏன் வேலை செய்தது என்பதற்கு விடை கிடைத்தது. முதல் நாளே பெரியவர் அதைச் சொல்லியிருந்தார். நான்தான் அதைக் கணிப்பான் பக்கம் நலம் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

மற்றச் செருகுவாய்களிலும் மாற்றிப் பார்த்தேன். அதே பிழை. நான்குக்கும் பொதுவான இடத்தில் அறுந்திருக்க வேண்டும். செருகுவாய்த் தொடுகைகளும் பற்றரித் தொடுகைகளும் ஒரே நெகிழ் சுற்றுத் தாளில் அச்சிடப்பட்டவை. அந்தத் தாளின் மறுமுனை தாய்த்தட்டின் மீது வெறும் அழுத்தத்தால் நிற்கிறது, ஈயப் பற்று கிடையாது. அழுத்தத்தைத் தருவது முதுகில் இருக்கும் நான்கு திருகாணிகள். பின்புறத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன். பிழை மறைந்தது. விட்டேன், வந்தது.

இனித் திறந்தாக வேண்டும். திறந்தால் நினைவு போகும்.

பெரியவரை அழைத்துச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பேத்திக்கு லீவு. நாங்கள் எழுதி எடுக்கிறோம்” என்றார். இரண்டு பிற்பகல்கள், என் கடையின் பின் மேசையில், வெளியே மழை கொட்ட, தாத்தா ஒரு பொத்தானை அமுக்கி வரி வரியாக நிரலை நகர்த்தினார். பேத்தி எண்பது பக்கக் கொப்பியில் எழுதினாள். 312 வரிகள். சில வரிகளில் அவர் நின்று, இதை எந்த ஆற்றங்கரையில் வைத்து எழுதினேன் என்று சொல்லத் தொடங்குவார். “தாத்தா, அடுத்த வரி” என்பாள் அவள்.

கொப்பி கையில் வந்த பிறகுதான் அச்சிடும் வழியில் இறங்கினேன். தச்சர்கள் வைத்திருக்கும் சிறிய கிளாம்ப் ஒன்றை எடுத்து, இரண்டு தாடையிலும் சைக்கிள் டியூப் துண்டு சுற்றி, விரல் அழுத்திய அதே இடத்தில் பூட்டினேன். அதிகம் இறுக்கினால் உள்ளே எதுவும் உடையலாம்; ஆகவே திருகாணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாக. அச்சுப்பொறி பேசியது. வரிக்கு 24 எழுத்து வீதம் நிரல் முழுவதும் சுருள் சுருளாக வெளியே வந்தது. நடுவில் இரண்டு தடவை வளையம் அறுந்தது. கிளாம்பைத் தட்டி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். வெப்பக் காகிதம் வருடங்களில் வெளுத்துவிடும் என்பதால் உடனே தொலைபேசியில் படம் எடுத்தேன். கொப்பியோடு ஒப்பிட்டதில் இரண்டு இடத்தில் வேறுபாடு. இரண்டிலும் தவறு கொப்பியில்.

பற்றரியைக் கழற்றினோம்.

நான்கு இறப்பர்ப் பாதங்களுக்கு அடியில் திருகாணிகள். இரண்டு பாதங்கள் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தன. முன்பு யாரோ திறந்து, மூடும்போது பலமாக இறுக்கியிருக்கிறார்கள். அந்த இரண்டு திருகாணிகளும் இறங்கும் பிளாஸ்டிக் தூண்கள் நீளவாக்கில் பிளந்து கிடந்தன. நெகிழ் தாளில், பற்றரி அறைப் பக்கத்திலிருந்து வெள்ளையும் பச்சையுமாக உப்பு ஊர்ந்து வந்திருந்தது. எப்போதோ ஒரு பற்றரி கசிந்திருக்கிறது. மற்றக் கோடுகளைச் சற்றே நக்கிவிட்டு, ஒரு கோட்டை வளைவில் ஏறக்குறைய தின்று முடித்திருந்தது. கையேட்டில் பார்த்தேன்: கொடிக் கோடு.

மலைநாட்டு ஈரத்தில் இந்த உப்பு காய்வதே இல்லை; அதனால் அது வேலையை நிறுத்துவதும் இல்லை. ஈரத்தால் ஒரு நன்மை, நிலை மின்சாரப் பயம் குறைவு. தை மாதத்துப் பனிக் காற்றில், கம்பளிச் சுவெட்டரோடு நான் இந்தச் சிப்புகளைத் தொட்டிருக்க மாட்டேன்.

காரப் பற்றரியின் கசிவு பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. அதற்கு வினாகிரி போதும்: பஞ்சுக் குச்சியில் தொட்டு, நுரை அடங்கும்வரை. பிறகு வடித்த நீர், பிறகு ஐசோபுரோப்பில் மதுசாரம், பிறகு ஒரு இரவு முழுவதும் மேசை விளக்கின் கீழ். தேய்க்கவில்லை, தேய்த்தால் மீதிச் செம்பும் உப்போடு வந்துவிடும். கழுவிய பிறகு அளந்தேன். செருகுவாயிலிருந்து மறுமுனை வரை மற்றக் கோடுகள் ஓர் ஓமுக்குள். கொடிக் கோடு மட்டும் ஆயிரக்கணக்கான ஓம்களில் ஊசலாடியது.

ஈயப் பற்று வைக்கலாம் என்று கை போனது. அந்தத் தாள் சுருங்கினால் மாற்றுத் தாள் கிடையாது என்ற எண்ணம் கையை நிறுத்தியது. கார்களின் பின் கண்ணாடியில் பனியை நீக்கும் சூட்டுக் கோடுகள் அறுந்தால் பூசுவதற்கு வெள்ளித் தூள் கலந்த பூச்சு விற்கிறார்கள். கண்டிக்குப் போகும் ஒருவரிடம் சொல்லி மோட்டார் உதிரிப்பாகக் கடையில் ஒரு சிறு போத்தல் வாங்கினேன். தையல் ஊசியின் நுனியால், உருப்பெருக்கியின் கீழ், ஐந்து மில்லிமீற்றர் நீளத்துக்கு ஒரு கோடு. காய்ந்த பின் 2 ஓம். மின்சாரம் சுமக்கும் கோடாக இருந்தால் இந்த வேலையைச் செய்திருக்க மாட்டேன். சேதி மட்டும் போகும் கோட்டுக்கு 2 ஓம் ஒரு பொருட்டே அல்ல.

தூண்களுக்குப் பழைய வானொலி ஏரியல் உதவியது. அதன் பித்தளைக் குழாய்களில் ஒன்று தூணின் மேல் இறுக்கமாக உட்கார்ந்தது. நான்கு மில்லிமீற்றர் வெட்டி, உட்புறத்தை அரத்தால் கீறி, எப்பொக்சி வைத்து, பிளவு மூடும்படி வளையமாக இறக்கினேன். ஒரு நாள் விட்டேன். திருகாணிகளை இரண்டு விரலால் மட்டும் பூட்டினேன்.

புதிய பற்றரிகள் நான்கு, கொழும்பிலிருந்து வந்தவை. உயிர்ப்பித்ததும் திரையில் ‘மெமரி லோஸ்ட்’ என்று வந்தது. வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வட முனைகளை ஒன்றோடொன்று செருகி மன்னிப்பு நிரலை எழுதி, ஒரு மணி நேரம் ஓடவிட்டேன்; இந்த முறை கொடியை ஏற்றாமல், அதாவது ஒரே ஒரு பிழை வந்தாலும் நின்றுவிடும்படி. நிற்கவில்லை. நான்கு செருகுவாய்களிலும் அப்படியே. முதுகை அழுத்தினேன், முறுக்கினேன், மேசையில் தட்டினேன். பிறகு அச்சுப்பொறியைக் கோத்தேன், அதுவும் நிற்கவில்லை.

நிரலைத் திரும்ப ஏற்றியது தாத்தாவும் பேத்தியும்தான், இம்முறை அவள் பொத்தானில், அவர் கொப்பியில். சரிபார்க்க, பொகவந்தலாவைப் பக்கத்துக் காணி ஒன்றின் பழைய வரைபடத்தைக் கொண்டுவந்திருந்தார். அவரே 1990களில் அளந்தது. பதினொரு கோடுகளைக் கொடுத்தார். அச்சுப்பொறி கரகரத்தது. பரப்பு வரைபடத்தில் எழுதியிருந்ததை விட 4 பேர்ச்சஸ் கூடுதல். என் வெள்ளிக் கோட்டின் மீது எனக்கே சந்தேகம் வந்தது. பேத்தி மட்டும் அச்சான சுருளை எடுத்து வரி வரியாகப் பார்த்து, “87ஆம் வரியில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் அமுக்கிவிட்டேன்” என்றாள். திருத்தியதும் கடைசித் தசமம் வரை பொருந்தியது.

ஒரு சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. நிரல் நிலைக்கப் பற்றரி உள்ளே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பற்றரி ஒரு நாள் கசியும். இந்தக் கணிப்பானை அரித்ததே அதன் நினைவைக் காத்த பற்றரிதான். தைப்பொங்கலுக்குப் பொங்கல் பழையன நான்கையும் எறிந்து புதியன போடுவது என்று முடிவாயிற்று. நினைவு அழிந்தாலும் பயமில்லை. திருத்திய கொப்பி தோல் உறைக்குள் கணிப்பானோடு இருக்கிறது. பற்றரி அறையின் மூடியில், மாற்றிய திகதியைச் சின்னத் துண்டில் எழுதி ஒட்டச் சொன்னேன். பேத்தி எழுதினாள். தாத்தா வாங்கிப் பார்த்துவிட்டு, “வருடத்தையும் போடு” என்றார்.